கழுத்துக்குள்ள நாலு அரிசி

புதுச்சேரி
12.2.1984

அன்பு மக கமலவேணிக்கு அப்பா எழுதறது. கழுத்தையும் எலும்பையும் கழிச்சுட்டுப் பாத்தா நானும் உங்கம்மாவும் சௌக்கியம். பிரான்சுல நீயும் மாப்பிள்ளையும் பேரப்பசங்களும் சௌக்கியமா இருக்கணும்.

போன வாரம் தண்ணிக் குடத்தைத் தூக்கினேன், விலா எலும்பு மளுக்குன்னு முறிஞ்சு போயிடுச்சு. உங்கம்மா ஓடியாந்து மொதல்ல குடத்தைத்தான் தடவிப் பாத்தா. ஆஸ்பத்திரியில ஜானகிராமன் டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு மறுபடியும் கட்டின்னுட்டாரு. கழுத்துக்குள்ள அரிசி கணக்கா நாலு சுரப்பி இருக்குதாம், ரெண்டைத்தான் ஏற்கெனவே ரெண்டு தடவை அறுத்து எடுத்தாச்சே, இப்ப மூணாவது வீங்கிகிட்டு எலும்புல இருக்கற சுண்ணாம்பை உருவி ரத்தத்துல கொட்டுதாம். இது புரியாம நாம பண்ண கூத்தைக் கேளு, எலும்பு கெட்டியாவட்டும்னு உங்கம்மா வெத்தலையில சுண்ணாம்பை அப்பறா, வைத்திக்குப்பம் மீன்காரி குஞ்சம்மாள் நண்டா கொண்டாந்து கொட்டறா, நீ அங்கேர்ந்து சுண்ணாம்புச்சத்து மாத்திரை அனுப்பற. உங்க ரத்தத்தை எடுத்து வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம், இன்னும் எதுக்கய்யான்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரு. மாத்திரையை நிறுத்திடு.

மூணாவது தடவை கத்தி வேணாம்னு உங்கம்மா அழுவறா. மில்லுல அத்தினி வருசம் தறியோட மல்லுக்கட்டினவன், இந்தச் சுண்டைக்கா கட்டிக்கா அடங்குவேன், அறுங்கன்னுட்டேன். இந்தத் தடவை எல்லாத்தையும் எடுத்துட்டு, ஒண்ணுமே இல்லாமலும் உடம்பு ஓடாதுன்னு ஒரு துண்டை மட்டும் நாத்து நடற மாதிரி கையில நட்டு வெப்பாங்களாம். திரும்ப வீங்கினா கழுத்தைத் தொட வேணாம், கையிலேயே கிள்ளிக்கலாமாம்.

ஆனா ஒண்ணு. இப்படித் திரும்பத் திரும்ப வந்தா குடும்பத்துல ஓடறதா இருக்கும், பிள்ளைங்க எப்படின்னு டாக்டர் கேட்டாரு. ரத்தத்துல சுண்ணாம்பு ஏறினா சிறுநீரகத்துல கல்லும் கட்டுமாம், உடனே உன் ஞாபகம்தான் வந்துச்சு. உனக்குப் போன வருசம் சிறுநீரகத்துல கல்லு, இந்த வருசம் மணிக்கட்டு முறிவு, பனியில வழுக்கிட்டேன்னு எழுதின. பனியில ஊரே வழுக்குது, உனக்கு மட்டும் ஏன் எலும்பு முறியணும் கண்ணு? அங்க டாக்டர்கிட்ட இந்தக் கதையெல்லாம் சொல்லி ரத்தத்துல சுண்ணாம்பு எவ்ளோன்னு பாக்கச் சொல்லு. நீ ஊசின்னா கட்டிலுக்கடியில ஓடறவ, நாளைக்குப் பாக்கலாம்னு தட்டிக்கழிப்ப. அதனால டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், "என் மக ரத்தம் குடுத்துட்டேன்னு எழுதற வரைக்கும் நான் மேசையில படுக்க மாட்டேன்." திட்டினாரு, திட்டட்டும். எலும்புதான் மெலிஞ்சிருக்கு, பிடிவாதம் இல்ல.

பேரப்பசங்களுக்கு முத்தம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். நீ நூறு வருசம் நல்லா இருக்கணும். தாமசம் பண்ணாத, நீ யோசிக்கற ஒவ்வொரு நாளும் இங்க உங்கப்பன் எலும்பு கரையுது.

இப்படிக்கு,
கழுத்தைத் தொடைச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கும் அப்பா,
தெய்வசிகாமணி