வெள்ளிக்கிழமை மாடு

என் அன்பு அப்பாவுக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இதை யாருக்கும் காட்டாதீர்கள். எனக்குப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்தபோது அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஒரு கிழமை முழுக்கக் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றவர்களிடமெல்லாம் விரித்து விரித்துக் காட்டினீர்களே, அப்படி இதைச் செய்துவிடாதீர்கள். அங்கேயும் உங்களுக்குக் கூட்டாளிகள் சேர்ந்திருப்பார்கள். அவர்களிடம்கூட வேண்டாம். வாசித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

அம்மா தூங்குகிறார். கதவு போட்டு அடைத்த முன் இஸ்தோப்பில் பாய் போட்டுச் சுந்தரம் மாமா தூங்குகிறார். போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் இல்லை அப்பா, பயம்.

விடிவதற்குள் மாமாவின் கூட்டாளியுடைய மரக்கறி லொறி வருகிறது. உங்கள் நாயை அதில் ஏற்றி உடப்புசல்லாவைப் பக்கம் எங்கேயாவது இறக்கிவிட்டு வரப் போகிறார்கள். வீட்டுக்குள் மூத்திரம் பெய்கிறான் என்பதுதான் அவன்மேல் குற்றம். அவன் ஏன் பெய்கிறான் என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஐந்து கிழமையாகத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு அவன்மேல் பொறாமை. நாயைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

குட்டியாக அவனைத் தூக்கிவந்து சின்னதொரை என்று பெயர் வைத்தீர்கள். தோட்டத்துச் சின்னதொரை காதில் விழுந்தால் வேலை போய்விடும் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நீங்களோ, "சின்னதொரை வர்றாரு, எல்லாரும் ஒதுங்கி நில்லுங்க" என்று லயத்து வீடுகளெல்லாம் கேட்கச் சத்தம் போட்டுச் சிரிக்க வைத்தீர்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "அக்காகிட்ட போடா, அக்கா சோறு தருவா" என்று என்னை அவனுக்கு அக்காவாக்கினீர்கள். பள்ளிக்கூடத்தில்கூட அந்தப் பெயர் பரவியது. ஒரு நாள் அழுதுகொண்டே வந்து உங்களிடம் சண்டை போட்டேன். அப்போதும் உங்கள் கை அவன் காதைத்தான் தடவிக்கொண்டிருந்தது.

தேயிலையில் கவ்வாத்து வெட்டப் போனால் அவன் கூடவே வருவான். அன்றைக்கும் வந்தான். பாறைக்கு அடியில் இருந்த குளவிக் கூடு கலைந்தபோது உங்கள் பக்கத்தில் இருந்தது அவன். நான் கணிதப் பாடத்தில் இருந்தேன். அந்த மலையில் நீங்கள் கடைசியாகப் பேசியது அவனோடுதான். என்ன பேசினீர்கள்? அவனுக்குத்தான் தெரியும். அவன் சொல்ல மாட்டான். இதை நினைத்து நினைத்தே எனக்கு நெஞ்சு எரியும்.

நீங்கள் போன பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். "பாவம், வாயில்லாத ஜீவன், எசமானத் தேடுது பாரு" என்பார்கள். நானும் தேடினேன். எனக்கு வாய் இருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை போலிருக்கிறது.

உங்களுக்குக் கருமாதி செய்த அன்று வீட்டைக் கழுவி, மேல் லயத்து மாரியாயி அக்காவின் மாட்டிலிருந்து கோமியம் வாங்கிவந்து மூலை மூலையாகத் தெளித்தோம். அன்றிரவு சின்னதொரை வெளியில் அழுதுகொண்டே இருந்தான். நீங்கள்கூட ஒரு நாளும் அவனைக் காம்பராவுக்குள் விட்டதில்லை. அம்மா விட்டார். மறுநாள் காலையில் உங்கள் படத்துக்குக் கீழே சுவரில் ஈரம்.

அம்மா திட்டவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, தீட்டுப் போகட்டும் என்று மறுபடியும் கோமியம் தெளித்தார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைப்பதற்கு முன் தெளிக்கிறார். "அவரு ஆத்மா வந்து போற எடம், சுத்தமா இருக்கட்டும்" என்கிறார். அவனும் விடுவதில்லை. அரிசிப் பை, அடுப்படி மூலை, என் புத்தகப் பை. அவன் பெய்யப் பெய்ய அம்மா தெளித்தார். அம்மா தெளிக்கத் தெளிக்க அவன் பெய்தான்.

நமக்கு உதவியாக இருக்கலாம் என்று அம்மாவின் தம்பி கொழும்புக் கடை வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். நல்லவர்தான் அப்பா. ஆனால் அவருடைய சப்பாத்துக்குள்ளேயும் ஒரு நாள் ஈரம்.

"அக்கா, இதுக்கு ஆப்பரேசன் பண்ணிட்டா சரியாப் போயிரும். கடுவனுக்குக் கொழுப்பு" என்றார் மாமா.

"புருசன் வளத்த நாயை அறுக்கச் சொல்றியாடா?"

"அறுக்கச் சொல்லலக்கா. அடங்கச் சொல்றேன்."

நாய்களுக்கு இலவசமாக அந்தச் சத்திரசிகிச்சை செய்ய ஒரு வண்டி வந்து, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் நின்றது. அம்மா கொழுந்து பறிக்கவும் மாமா வேலை தேடியும் போய்விட்டதால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்தான் போனேன். பெயர் கேட்டார்கள். சின்னதொரைக்குக் கீழே வேலை பார்க்கும் கண்டாக்கு ஐயா பக்கத்திலேயே நின்றார். அதனால் ராஜா என்று சொன்னேன். "ராஜா, வா" என்று கூப்பிட்டால் அவன் அசையவே இல்லை. பின்னால் தன் நாயோடு நின்ற மாரியாயி அக்கா, "அடியே, சின்னதொரைன்னு கூப்புடு, அப்பத்தான் ஏறுவாரு" என்று சொல்லிவிட்டார். கண்டாக்கு ஐயா மேகத்தைப் பார்த்தார். நீங்கள் இருந்திருந்தால் தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பீர்கள்.

டாக்டரம்மா சிங்களம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் பதில் சொன்னேன். "இதைச் செய்தால் வீட்டுக்குள் பெய்வது நின்றுவிடுமா?" என்று கேட்டேன்.

"நிறைய நாய்களுக்குக் குறையும், நங்கி. சிலவற்றுக்கு நின்றே போகும். ஆனால் இன்று வெட்டி நாளைக்கு நிற்காது, சில கிழமைகள் எடுக்கும். பழக்கமாகிவிட்டிருந்தால் இது மட்டும் போதாது. வீட்டில் அந்த வாசனை இருக்கக்கூடாது. எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள்?"

சவர்க்காரம் என்றேன். பிறகு கோமியத்தையும் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்படியென்றால் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு மாடு உங்கள் வீட்டுக்குள் வந்து பெய்துவிட்டுப் போகிறது என்று அவன் நினைக்கிறான். தன் வீட்டில் இன்னொன்று வந்து பெய்தால் அவன் விடுவானா? அதன் மேல் தன் அடையாளத்தைப் போடத்தான் செய்வான்." சிரித்தார், கேலியாக இல்லை. "அம்மாவிடம் சொல். கொஞ்ச நாளைக்கு வாசலுக்கு வெளியே மட்டும் தெளிக்கட்டும். உள்ளே சவர்க்காரத்தால் கழுவி, வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அவனை அடிக்காதீர்கள். வீட்டில் ஆள் மாறினாலும் இப்படிச் செய்வார்கள்."

பிறகு, "வீட்டில் யாராவது மாறினார்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன் அப்பா. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மயக்கம் தெளியாத அவனைத் துணியில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிவந்தேன். இரவு அம்மா, "டாக்டரம்மா என்னா சொன்னாங்க தர்சினி?" என்று கேட்டார். அம்மாவின் மடியில் அவன் தலை இருந்தது. அந்த மடியில் நான் படுத்து எத்தனை நாளாகிறது என்று எண்ணிப் பார்த்தேன். "பத்து நாள்ல சரியாயிரும்னாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கணக்கு வைத்தேன். வீட்டுக்குள் பெய்தால் ஒரு புள்ளடி. ஊர் சுற்றுவதை அவன் விட்டுவிட்டான். கீழ் லயத்து நாய்களோடு சண்டைக்குப் போவதில்லை. முன்பு ஒரு தேயிலைச் செடியையும் விடமாட்டான், இப்போது ஒன்றிரண்டோடு சரி. வீட்டுக்குள் மட்டும் வெள்ளி இரவும் சனியும் புள்ளடி விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல், தெளிக்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் ஒரு புள்ளடி இல்லை. அம்மா எழுந்து மறுபடியும் போத்தலைத் திறந்தார். மறுநாள் அடுப்படி மூலையில் ஈரம்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மாவும் மாமாவும் அவனைத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். இன்னொன்றும் உண்டு. உங்களுக்காக அம்மா செய்கிற ஒரே காரியம் அது. அதுதான் நாயைக் கெடுக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? இது நல்ல காரணம் மாதிரி இருக்கிறது, இல்லையா? நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

உங்கள் நீல ஸ்வெட்டரையும் நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன். அவன் அதில் படுக்கக்கூடாது என்று தலையணைக்குள் திணித்துவிட்டேன். கழுத்துப் பட்டியின் உள்பக்கம் பேனையால் என் பெயரை எழுதியிருக்கிறேன். துவைத்தால் போகாத மையில்.

போன சனிக்கிழமை மாமாவுக்கு நுவரெலியாவில் ஒரு வேலைக்கான நேர்முகம். தேய்த்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைமேல் அவன் பெய்துவிட்டான். மாமா ஈரச் சட்டையோடு போனார். வேலை கிடைக்கவில்லை. திரும்பி வந்து சத்தம் போடாமல் சொன்னார்: "அக்கா, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்." அம்மா எழுந்து போய் அவனை இஸ்தோப்பில் கட்டினார். நான் நினைத்தது நடந்துவிட்டது. எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும்.

இன்று அந்தியில் அம்மா நெத்தலிக் குழம்பு ஊற்றிப் பிசைந்து, இஸ்தோப்பில் கட்டிப்போட்டிருந்த அவனுக்கு வைத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"தின்னுடா. நாளைக்கு எந்த ஊர்ல யாரு ஒனக்குப் போடப் போறா? அன்னைக்கு மூஞ்செல்லாம் வீங்கிப்போயிக் கெடந்தவரு, ஆஸ்பத்திரிக்கு லொறியில ஏத்தயில என்னா சொன்னாருன்னு தெரியுமா ஒனக்கு? நாயி பின்னாடி ஓடி வருது, வெரட்டி வீட்டுக்கு அனுப்புங்க, பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியா இருக்கும்னாராம். கூட வேலை செஞ்ச பெருமாள் அண்ணன்தான் சொன்னாரு. பாப்பாகிட்ட நான் இன்னும் சொல்லல. சொன்னா தாங்காதுடா. நீதான் வந்து ஒக்காந்திட்டியே, காவக்காரன் மாதிரி."

அப்பா, அவன் வந்தான். அன்று பகல் உடம்பெல்லாம் சேறோடு வந்து வாசலில் உட்கார்ந்தான். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. கழுவிய தரையில் கால் வைத்துவிட்டான் என்று விளக்குமாற்றால் இரண்டு போட்டேன். அவன் போகவில்லை. மூன்றாவது அடியும் வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்தான். ஆட்கள் வந்து எனக்குச் சொல்லும்வரை இருந்தான்.

நீங்கள் உண்மையாகவே அப்படிச் சொன்னீர்களா? இல்லை, பெருமாள் மாமா அம்மாவுக்கு ஆறுதலாகச் சொன்னதா? உங்கள் கடைசிப் பேச்சை அவன் தனக்கென்று வைத்துக்கொண்டான் என்று இவ்வளவு நாளும் கருகிக்கொண்டிருந்தேன். அவன் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் ஓடி வந்திருக்கிறான். நான் விளக்குமாற்றை எடுத்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். லொறிக்காரர் வந்து கதவைத் தட்டினால் மற்ற யாரும் எழும்புவதற்கு முன் நான் போய்த் திறப்பேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் காட்டுவேன். ஐந்து கிழமை மறைத்ததற்கு அம்மா அடித்தால் வாங்கிக்கொள்வேன். மாமாவின் சட்டைக்கும் நான்தான் காரணம் என்று அவருடைய முகத்தைப் பார்த்தே சொல்வேன். இதுதான் எனக்குக் கூடுதல் பயம். கோமியத்தை வாசலுக்கு வெளியே தெளிக்கச் சொல்லி அம்மாவைக் கெஞ்சுவேன், நீங்கள் வருவது வாசல் வழியாகத்தானே. வினாகிரிப் போத்தல் வாங்கிவந்து மூலை மூலையாக நானே துடைப்பேன். அப்படியும் அவன் பெய்தால் மறுபடியும் துடைப்பேன். ஸ்வெட்டரை இன்றே எடுத்து அவனுக்கு

இல்லை, பாதி. பாதியில் நான் படுத்துக்கொள்கிறேன்.

நேரம் இருக்குமோ தெரியாது, கையெழுத்தை இப்போதே போட்டுவிடுகிறேன்.

உங்கள் மகள்,
சின்னதொரையின் அக்கா.

லொறிச் சத்தம் நின்றுவிட்டது. சின்னதொரை குரைக்கிறான். கதவைத் தட்டுகிறார்கள், மாமா எழும்புகிற சத்தமும் கேட்கிறது, நான் முதலில் போ