லஸ் வழியாக அடையாறு

மார்ச் 3
என் கணவர் வஹீதுக்கு டயாலிசிஸ் நாள். திருவல்லிக்கேணியிலிருந்து அடையாறு ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம். லஸ் முனையில் மட்டும் இருபது நிமிடம் அசையவில்லை. திரும்பும்போது வாந்தி. என் துப்பட்டாவில் பிடித்தேன்.

மார்ச் 17
லஸ்ஸில் மஞ்சள் கோடு போட்டு, பஸ்ஸுக்கு மட்டும் தனித் தடம் விட்டிருக்கிறார்கள். மூன்று மாதம் பார்ப்பார்களாம். நாற்பது நிமிடத்தில் போய்விட்டோம். இன்று வாந்தி இல்லை.

மார்ச் 29
என் அண்ணன் கரீமுல்லா வந்தார். அவருடைய பேக் கடை அந்தத் தடத்தை ஒட்டித்தான் இருக்கிறது.
"கார் நிக்க எடமே இல்ல ஜஹீதா. யாவாரம் படுத்துக்கிச்சு. தடத்த எடுக்கச் சொல்லி மனு குடுக்குறோம். நீயும் போடு."
வஹீதை முதன்முதலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தது அண்ணன்தான். கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 9
மனு மீது மாநகராட்சியில் கூட்டம். கடைக்காரர்கள்தான் பேசினார்கள். "பஸ்ல போறவங்க யாராவது இருக்கீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.
எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன்?
"வாரம் மூணு நாள் போறோம் சார். எடுத்துடாதீங்க. அந்தத் தாள்ல என் கையெழுத்த அடிச்சுடுங்க."
வெளியே வந்ததும் அண்ணன், "கூடப் பொறந்தவளா நீ?" என்றார். அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன்.

ஏப்ரல் 10
அண்ணன் போனை எடுக்கவில்லை.

மே 26
வஹீத் போய்விட்டார். காலையில், மெஷின் ஓடும்போதே. இதயம் என்றார்கள்.
நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். நேரத்துக்குத்தானே?
உடல் வைத்த சந்தூக்கை அண்ணன் தோளில் சுமந்தார். என்னிடம் பேசவில்லை.

ஜூன் 20
தடம் இனி நிரந்தரமாம். ஷாகிரா அண்ணி வந்து சொன்னாள். அண்ணன் லஸ் கடையைக் காலி செய்துவிட்டு, சைதாப்பேட்டையில் சின்னதாக ஒன்று பார்த்திருக்கிறாராம்.
சரி என்றேன்.

ஆகஸ்ட் 2
இத்தாவில் இருக்கிறேன், நாலு மாதம் பத்து நாள் துக்கக் காலம். வாசல் தாண்டவில்லை. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 8
இத்தா முடிந்து முதல் முறையாக வெளியே. ஆஸ்பத்திரியில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். நிறுத்தத்தில் அண்ணன் நின்றிருந்தார்.
"ஷாகிரா சொன்னா. தனியா போவாத."
பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார். லஸ் வந்தபோது மறுபக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் நிற்காமல் போனது.
"அடையாறு வந்துடுச்சா? அதுக்குள்ளவா?" என்றார்.
"ம்."
"மாப்ள இத்தினி நாளு இதுலதான் வந்தாரா?"
"ஆமாண்ணே."
என் பையை வாங்கிக்கொண்டு முதலில் இறங்கி, எனக்குக் கை கொடுத்தார்.