பையன் பொறந்தா

ஜூன் 3, செவ்வாய்
காலையிலேயே வெயில். உளுந்து வாங்கணும், மறந்தாச்சு.
மதுரை ஆஸ்பத்திரி. இவரோட ரத்த ரிசல்ட் வந்துருச்சு. ஒய் குரோமோசோம்ல ஒரு துண்டு இல்லையாம். அதனாலதான் விந்தணு ரொம்பக் கம்மி. இக்ஸி பண்ணலாம்: ஒரு அணுவை எடுத்து நேரா முட்டைக்குள்ள விடுறது. டாக்டரம்மா ஒளிக்காமச் சொன்னாங்க. "பொண்ணுன்னா இது வராது. பையன்னா அவனுக்கும் இதே குறை வரும். மத்தபடி ஆரோக்கியமா இருப்பான்."
இவர் கேட்டது ஒண்ணுதான். "எங்கப்பாகிட்ட இருந்து வந்துச்சா?"
"பெரும்பாலும் இல்ல. உங்ககிட்ட புதுசா வந்திருக்கும்."
திரும்புற பஸ்ல ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தார்.

ஜூன் 4, புதன்
இட்லி, தக்காளிச் சட்னி. அத்தைக்கு ரிசல்ட் விஷயம் தெரியாது. பரிமாறும்போது, "எனக்கு இவன மாதிரியே ஒரு பேரன் வேணும்த்தா"ன்னாங்க. இவர் பாதியில எந்திரிச்சு மோட்டாருக்குக் காயில் கட்டுற கடைக்குக் கெளம்பிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு
கடை லீவு. மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன். பக்கத்துல வந்து நின்னார்.
"வேற ஆளோட அணு வாங்கிக்குவமா? இது என்னோட நிக்கட்டும்."
எனக்குக் கோபம். "இம்புட்டு வருசம் உங்க பிள்ளைக்குத்தான் காத்திருக்கேன்."
"அவனும் ஒரு நாள் இந்த ரிசல்ட்டக் கையில வச்சுக்கிட்டு நிப்பான்ல?"
அழுதுட்டார். கல்யாணமானதுல இருந்து இப்பத்தான் பாக்குறேன்.
"அந்தத் துண்டு இல்லாமத்தான எனக்குக் கெடச்சீங்க. நான் என்ன கொறஞ்சு போயிட்டேன்?"
கிளிப்பை ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தார். பூரா துணியும் சேந்தே காயப்போட்டோம்.

ஜூன் 11, புதன்
லேசாத் தூறல். மத்தியானம் கடையில இருந்து போன். பின்னாடி ஒரே மோட்டார் சத்தம்.
"பையன்னா வெவரம் தெரியிற வயசுல நான்தான் அவன்கிட்டச் சொல்லுவேன். நீ சொல்லக் கூடாது."
"சரி."
"டாக்டரம்மாவுக்குப் போன் போடு."
வச்சுட்டார். அடுப்புல பருப்பு அடிப்பிடிச்சுருச்சு. பரவால்ல.

ஆகஸ்ட் 2, சனி
ஊசி, மயக்க மருந்து, கரு வச்சது, பயம். ஒன்றரை மாசத்துக்கு மேல எதுவும் எழுதல. இன்னைக்கு ஸ்கேன். துடிப்பு தெரிஞ்சுச்சு. இவர் என் செருப்பைக் கையில வச்சுக்கிட்டே நின்னு பாத்தார்.
திரும்புறப்ப திண்டுக்கல்ல இறங்கி, ஊருக்கு வடமதுரை பஸ். உக்காந்து டிக்கெட் வாங்குனதும் இவர் மெதுவாக் கேட்டார்:
"'ஏலே அப்பு, அப்பா ஒண்ணு சொல்றேன், பயப்படாத.' இப்படி ஆரம்பிச்சாச் சரியா இருக்குமா?"
இருக்கும்னேன்.