லாரியில் வந்திருக்க வேண்டிய கார்

அனுப்புநர்
கண்ணாடிக் கடையில் பார்வை அளவு பார்க்கும் பணியாளர்
(பெயரும் வீட்டு முகவரியும் ஒட்டிய தனி உறையில் உள்ளன. தாங்கள் மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டுகிறேன்.)

பெறுநர்
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்

பொருள்: வெளியூரிலிருந்து அனுப்பப்பட்ட எங்கள் கார் வழியில் ஒருவர் மீது மோதியிருக்கலாம் என்ற அச்சம் – காரைக் கொண்டுவந்த நிறுவனத்தார் மிரட்டுவது – விசாரணையும் பாதுகாப்பும் வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காவல்துறைக்கு நான் எழுதும் முதல் மனு இது. முறை தவறியிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. பணிமாற்றம் காரணமாக நானும் கணவரும் பள்ளியில் படிக்கும் மகளும் அண்மையில் இந்த ஊருக்குக் குடிவந்தோம். கார் என் பெயரில் உள்ளது. கணவருக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. நெடுந்தூரம் ஓட்டக் கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. நானோ ஊருக்குள் ஓட்டவே உயிரைக் கையில் பிடித்துக்கொள்பவள். ஆகவே காரை லாரியில் ஏற்றி அனுப்பும் நிறுவனத்தைத் தேடினோம்.

2. மூன்று இடங்களில் விசாரித்தேன். முதல் நிறுவனத்தார், வழியில் எது நேர்ந்தாலும் தாங்கள் பொறுப்பல்ல என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டனர். இரண்டாம் நிறுவனத்தார், லாரி நிறைந்தால்தான் கிளம்பும், அது எப்போது என்று சொல்ல முடியாது என்றனர். மூன்றாம் நிறுவனத்தில் பேசியவர், "கவலையே படாதீங்க அக்கா. மூடின லாரி. ஏத்தினா உங்க வீட்டு வாசல்லதான் இறக்குவோம்" என்றார். கணவரின் உடல்நிலையைக்கூட அக்கறையாக விசாரித்தார். "தேனா பேசுறவன்கிட்ட ஜாக்கிரதையா இரும்மா" என்று கணவரின் அண்ணன் சொன்னார். எனக்கு அந்தத் தேன்தான் பிடித்தது. லாரியைக் கண்ணால் பார்க்காமலே சாவியைக் கொடுத்தனுப்பினேன்.

3. சொன்ன நாள் கடந்து கார் வந்தது, லாரி வரவில்லை. ஓட்டி வந்தவர் தெருமுனையில் நிறுத்தி, சாவியைக் கணவர் கையில் திணித்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நடந்துவிட்டார். வாங்கிய அன்றுகூட அந்தக் கார் அப்படிப் பளபளத்ததில்லை. முதலில் கண்டுபிடித்தவள் மகள். "அம்மா, என் முயல் எங்க?" என்றாள். முன்கண்ணாடியின் உள்பக்கம் அவள் ஒட்டியிருந்த முயல் படத்தைக் காணவில்லை. படம் மட்டுமல்ல, கண்ணாடியே புதிது. முன்விளக்குகளில் ஒன்று பழுப்பேறிக் கிடக்க, மற்றது புத்தம் புதிதாக இருந்தது. பானட்டைத் தடவிப் பார்த்த கணவர், "இங்க பட்டி வச்சுப் பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றார். வழி முழுவதும் கார் சாலையில்தான் ஓடி வந்திருக்கிறது என்பதை அதன் கிலோமீட்டர் கணக்கே சொன்னது.

4. வைப்பருக்கு அடியிலுள்ள இடுக்கில் ஏதோ மின்னியது. எடுத்தேன். மூக்குக்கண்ணாடி லென்ஸின் உடைந்த துண்டு. எங்கள் வீட்டில் யாரும் கண்ணாடி அணிவதில்லை. கடைக்குக் கொண்டுபோய் அளவு பார்த்தேன். மிக அதிகமான பவர், ஐயா. இதை அணிந்தவருக்கு, இது இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா தூணா என்றுகூடத் தெரியாது. அதன்பின் அன்று என்னால் யாருக்கும் அளவு பார்க்க முடியவில்லை.

5. நிறுவனத்தில் பேசியவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "லாரி பழுதாயிடுச்சு அக்கா, அதான் ஓட்டியே கொண்டு வந்தோம். வழியில ஒரு மாடு குறுக்க வந்துடுச்சு. எல்லாத்தையும் சரி பண்ணித்தானே குடுத்திருக்கோம்" என்றார். "மாடு கண்ணாடி போடுமா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். வாய் முந்திவிட்டது. உடனே அவர், "உங்க பொண்ணு ஸ்கூலுக்கு நடந்துதான் போகுதா?" என்றார். அதுவரை வார்த்தைக்கு வார்த்தை அக்கா என்றவர், அந்தக் கேள்வியில் அக்கா என்று சொல்லவில்லை.

6. மறுநாள் முதல் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிறார். ஒன்றும் செய்வதில்லை. காரைப் பார்க்கிறார், வாசலைப் பார்க்கிறார், போகிறார். மகளைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டோம். கடையின் பின்னறையில் என்னுடன் உட்கார்ந்திருக்கிறாள். காய்ச்சலே இல்லாமல் எதற்கு லீவு என்று கேட்கிறாள். அழைப்பு மணி அடித்தால் கணவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டுதான் எழுகிறார்.

7. கணவரின் அண்ணன் கோபப்பட்டார். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க. காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுட்டு, பிள்ளையைப் பாருங்க" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நானும் அப்படியே செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கணவர் அன்று சாப்பிடவில்லை. "அந்த மனுஷன் இருக்காரா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார்.

8. எனவே, கார் வந்த நெடுஞ்சாலையை ஒட்டிய மருத்துவமனைகளுக்கு ஒவ்வொன்றாகப் பேசினேன். ஒரு மருத்துவமனையின் செவிலியர், சாலையோரத்தில் கிடந்த முதியவர் ஒருவரை யாரோ கொண்டுவந்து சேர்த்ததாகவும், தலையில் அடிபட்டதால் தன் பெயரையே அவரால் சொல்ல முடியவில்லை என்றும் கூறினார். உயிருக்கு ஆபத்தில்லையாம். ஆனால், "தட்டு எங்க இருக்குன்னு தடவித்தான் பார்க்கிறார்மா" என்றார். தேடி ஒருவரும் வரவில்லையாம். அந்த லென்ஸுக்கு உரியவர் இவர்தான் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. தாங்கள்தான் கண்டறிய வேண்டும். மருத்துவமனையின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் அதே தனி உறையில் உள்ளன.

9. ஆகவே தங்களை மிகவும் பணிந்து வேண்டுவது:

காரைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு பரிசோதிக்க வேண்டும். வந்த நாள் முதல் நாங்கள் அதைக் கழுவவில்லை, ஓட்டவில்லை. லென்ஸ் துண்டைத் தங்கள் அலுவலர் நேரில் வந்தால் ஒப்படைக்கிறேன். அந்த முதியவரின் குடும்பத்தாரைத் தேடித் தர வேண்டும். அவரும் எங்கோ ஒரு வீட்டில் எதிர்பார்க்கப்படுபவராகத்தான் இருப்பார். விசாரணை முடியும்வரை எங்கள் மகள் பள்ளிக்குப் போய்வரத் துணை தந்து உதவ வேண்டும்.

ஐயா, நாங்கள் துணிச்சலான குடும்பம் இல்லை. இந்த மனுவை இருமுறை எழுதி இருமுறையும் கிழித்துப் போட்டேன். இதைத் தங்கள் கையில் சேர்க்க யாரை அனுப்புவது என்று தவித்தபோது, கணவரின் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு, "குடு, நான் கொண்டு போறேன்" என்றார். தங்கள் முன் நிற்பவர் அவர்தான். அவர் திரும்பி வரும்வரை கதவைத் தாழிட்டுக்கொண்டு காத்திருப்போம்.

தங்கள் பதிலை நம்பியிருக்கும்,

(கையொப்பம்)
காரின் உரிமையாளர்

படித்துப் பார்த்தேன், அனைத்தும் உண்மை:
(கையொப்பம்)
உரிமையாளரின் கணவர்

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: எங்கள் வாடகை வீடு