நீ ஒலிபரப்பிய சித்தி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீ சுகமாகத்தான் இருப்பாய், போன வார நிகழ்ச்சியில் குரல் கணீரென்று இருந்தது. இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று நீ கேட்கவில்லை, ஆகவே அதை விட்டுவிடுகிறேன். போனில் பேசினால் பதிவு செய்து நாலு பேருக்குப் போட்டுவிடுவாயோ என்று பயம், அதனால்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முட்டிவலி குறையவில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உன் பாட்காஸ்டைக் கேட்டபடியே காய் நறுக்குகிறார், என்னடா என்று எட்டிப் பார்த்தால் நியூஸ் என்கிறார். நியூஸ் கேட்டு எந்த ஆம்பளை மூக்கைச் சிந்துவான்? கேட்டுவிட்டுப் போகட்டும், வெங்காயம் மட்டும் பொடியாக விழுந்தால் சரி.

வேலை பார்க்கும் பெண்கள் மனம் விட்டுப் பேசும் நிகழ்ச்சி என்று பெருமையாகச் சொன்னாயே, அதற்கு உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? என் கூடப் பிறந்தவள்தான் அகப்பட்டாளா? பெயரை மாற்றினாய், குரலைத் தகர டப்பாவுக்குள் போட்டு உருட்டினாய், எல்லாம் சரி. ஆனால் உன் சித்தி வாயை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறவளா? கையில் தையல் இல்லாமல் அவளுக்குப் பேச்சே வராது. யாருடைய திரைச்சீலையையோ மெஷினில் ஓட்டிக்கொண்டே உன்னிடம் பேசியிருக்கிறாள், மூலை வரும்போதெல்லாம் துணியைப் பார்த்து "திரும்புடி கண்ணு" என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் தையல் கம்பெனியில், சட்டைக் காலர் தைக்கிற லைனில் இத்தனை வருஷமாக அதைச் சொல்லாமல் அவள் ஒரு முனையும் திருப்பியதில்லை. பெரிய படிப்புப் படித்தவளுக்கு அதை வெட்டி எடுக்கத் தோன்றவில்லை. கேட்டால் இயல்பாக இருந்தது என்பாய்.

கம்பெனி சாப்பாட்டு ரூமில் கட்டிங் மாஸ்டர் உன் நிகழ்ச்சியைப் போனில் சத்தமாக வைத்தார். முதல் "திரும்புடி கண்ணு"வுக்கே அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் டோக்கன் கதை வந்தது. பாத்ரூம் போக ஒரே ஒரு மர டோக்கன், அது மேனேஜரின் சட்டைப் பாக்கெட்டில் இருக்கும், கேட்டால் "என் கை வேலையா இருக்கு, நீயே எடுத்துக்கோம்மா" என்பார், அவர் நெஞ்சில் கை வைத்துத்தான் எடுக்க வேண்டும், எடுக்கும்போது அவர் நம் முகத்தையே பார்ப்பார் என்று சொன்னாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நுணலும் தன் வாயால் கெடும். "எங்க சூப்பர்வைசர் என் கூடப் பிறந்தவதான், எல்லாத்தையும் பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி போவா" என்றாள். எல்லோரும் என் தட்டைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் என்று நீ நினைத்தால் அது உன் ஆசை. நீ என் மகள், பெற்ற தாயைப் பற்றிய அந்த ஒரு வரியை நீக்க உனக்குக் கை வரவில்லை, அதற்குப் பின்னால் சோகமாக ஒரு வீணை வேறு.

அது அவள் குரல்தான் என்று நான்தான் போய் மேனேஜரிடம் சொன்னேன். நீ விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டாம், நானே எழுதுகிறேன். வேறு எவளாவது முந்திக்கொண்டு சொல்லியிருந்தால், தெரிந்தும் மறைத்தாயா என்று என் நாற்காலியும் போயிருக்கும். அன்று சாயங்காலமே அவளை அனுப்பிவிட்டார்கள், அவளுடைய கத்தரிக்கோலை நான்தான் வாசல் வரை கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு இந்தத் தெருவில் இருக்கும் எல்லாத் தையல் கம்பெனியிலும் ஏறி இறங்கிவிட்டாள். கேட்டில் நிற்க வைத்து, ஒரு தடவை அந்தத் "திரும்புடி கண்ணு"வைச் சொல்லிக் காட்டு என்கிறார்களாம், இவளும் வேலை கிடைக்குமே என்று சொல்லிக் காட்டுகிறாளாம், சிரித்துவிட்டு அனுப்பிவிடுகிறார்களாம். உன் அப்பா எனக்குத் தெரியாமல் அவளுக்குக் குழம்பு கொண்டுபோகிறார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுவிட்டு நீ அங்கே அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறாய்.

லேபர் ஆபீசில் வருகிற வாரம் விசாரணை என்றும், நான் வந்து பார்த்ததை மட்டும் சொன்னால் சித்திக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்றும் நீ அனுப்பியதைப் படித்தேன். பார்த்தேன்தான், தினமும் பார்த்தேன். லைனில் உட்கார்ந்த காலத்தில் அதே பாக்கெட்டில் நானும் கை விட்டவள்தான். அப்போது எனக்காக எவள் வாயைத் திறந்தாள்? உன் சித்தி பக்கத்து மெஷினில்தான் இருந்தாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். விசாரணைக்கு நான் வருவேன், மேனேஜர் காரிலேயே கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அப்படி ஒரு பழக்கமே எங்கள் கம்பெனியில் இல்லை என்று சொல்லப் போகிறேன்.

பொய்யும் இல்லை. இப்போது டோக்கன் அவரிடம் இல்லை. பொறுப்பு பெண்கள் கைக்கு வந்தால்தான் எல்லாம் மாறும் என்று நிகழ்ச்சியின் முடிவில் நீ சொன்னதை அவரும் கேட்டிருக்கிறார், மறுநாளே எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார். நேற்று பட்டன் தைக்கிறவள் வந்து டோக்கன் கேட்டாள், ஆறு மாதமோ ஏழு மாதமோ, வயிறு நன்றாகத் தெரிகிறது. கையில் இருக்கிற லாட் சட்டை முடியட்டும் என்றேன். மறுபடி வந்தாள், மறுபடியும் அதையே சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நனைத்துக்கொண்டுவிட்டாள். சட்டையில் பட்டுவிடாமல் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு அடுத்த லைனுக்குப் போய்விட்டேன். என் முகத்தை அவள் பார்க்கவில்லை, நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வகையில் மேனேஜரை விட நான் மேல்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் பெரிய ஆளாக வர வேண்டும், உன் நிகழ்ச்சியை உலகமே கேட்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். நேரத்துக்குச் சாப்பிடு. ரெக்கார்டிங் மும்முரத்தில் பாத்ரூம் போகாமல் அடக்கிக்கொண்டு உட்காராதே, பெண்பிள்ளை உடம்புக்கு அது ஆகாது.

இப்படிக்கு,
உன் அம்மா