எங்கள் வீட்டுக் கன்னி உயிரோடிருப்பது பற்றி

அனுப்புநர்
சு. சொர்ணலதா (23), தட்டச்சர்,
த/பெ சுருளிவேல்,
மேலத் தெரு, அனுமந்தன்பட்டி.

பெறுநர்
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
உத்தமபாளையம்.

பொருள்: என் அத்தை ரா. முருகம்மாள் (41) 1962-இல் இறந்ததாக உள்ள பதிவை நீக்கி, இரத்த உறவுச் சான்று வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது புகார் மனு. எதிர்த்தரப்பு எங்கள் குடும்பமேதான். எழுத்தில் பதற்றம் தெரிந்தால் மன்னிக்கவும். நான்கு நாட்களாகச் சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

2. குலசாமி கோயில் கும்பாபிஷேகத்துக்காகப் பங்காளிகளின் வம்சாவளியைத் தட்டச்சு செய்யும் வேலை என்னிடம் வந்தது. ஆண்டுகளைச் சரிபார்க்க, பழைய கடிதங்கள் குத்தியிருந்த கம்பியை உருவினேன். நடுவில் மலையாளத்தில் ஒரு கார்டு, 1964 முத்திரையுடன். கேரளத்து ஏலத்தோட்டத்தில் இருபது வருடம் இருந்த டீக்கடை தவசி அண்ணனிடம் காட்டினேன். வாசித்தவர் எழுந்தே நின்றுவிட்டார். "முருகம்மாளுக்குச் சுகமாயிருச்சு, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு எழுதியிருக்காக, தாயி!"

3. முருகம்மாள் என் தந்தையின் தங்கை. கல்யாணம் பேசிய நாளிலிருந்து உறக்கமில்லாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு, வீட்டை விட்டு நடந்து போய்விடுவாராம். 1962-இல் குமுளி வழியாக அவரை வைத்தியத்துக்கு அழைத்துப் போன என் தாத்தா ராக்கையா, தனியே திரும்பி, "ஆத்தோட போயிட்டா" என்றார். அப்படியே பதிவாயிற்று. மற்ற இரு பெண்களின் கல்யாணம் தடைப்படும் என்று பயந்திருக்கிறார். காரணம் புரிகிறது, மன்னிக்க மனம் வரவில்லை.

4. பிறகு வீட்டில் நோய்நொடி வரவே, மணமாகாமல் இறந்த பெண் கும்பிடு கேட்பதாகக் கோடாங்கி குறி சொன்னார். அன்று முதல் ஒவ்வொரு தையிலும் ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை தாவணி வைத்து, வீட்டுக் கன்னி என்று அத்தையைக் கும்பிட்டு வருகிறோம். தட்டச்சு ஹையர் தேற நானும் வேண்டிக்கொண்டேன், தேறினேன்.

5. சென்ற ஞாயிறு தவசி அண்ணனோடு அந்த முகவரிக்குப் போனேன். மலைக்கு அப்பால், தாத்தா அவரைச் சேர்த்துவிட்டு வந்த மனநல ஆஸ்பத்திரியின் பெண்கள் விடுதியில் அத்தை சமையல் பார்க்கிறார், ஐயா! பூரண நலம். முதலில் கேட்டது, "எங்கய்யா வந்திருக்காகளா?" தாத்தா இறந்து பதின்மூன்று வருடம் என்றதும் அழுதார். கும்பிடும் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அம்புட்டுப் பாவாடையும் யாரு ஆத்தா உடுத்துனது?" நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

6. விடுதியார் அனுப்பத் தயார். தங்களின் உறவுச் சான்று மட்டும் கேட்கிறார்கள். இறந்தவராகப் பதிவில் இருப்பவருக்குச் சான்று எழுத வழியில்லை. பதிவை நீக்க என் தந்தை கையெழுத்திட மறுக்கிறார். அவருக்குக் கோபமில்லை, பயம். "கும்பிட்ட சாமிய வீட்டுல எங்கன படுக்க வைக்கிறது?" என்கிறார். என் பாயிலேயே இடம் இருக்கிறது.

7. ஆகவே, மருமகளாகிய என் மனுவையே போதுமானதாக ஏற்று, ஆள் அனுப்பி விசாரித்து, தை பிறக்குமுன் சான்று வழங்கும்படி மன்றாடுகிறேன். இன்னொரு வருடம் அவர் செத்தவராக இருக்கக் கூடாது.

நாள்: 3-12-1984
இடம்: அனுமந்தன்பட்டி

இப்படிக்கு,
சு. சொர்ணலதா

இணைப்பு:
1. 1964-ஆம் ஆண்டுக் கார்டு.
2. விடுதி மருத்துவரின் கடிதம்.
3. அத்தை கைப்பட எழுதிய சீட்டு. தமிழ் எழுதி இருபத்திரண்டு வருடமாயிற்று, கோணலைப் பொறுத்தருள்க:
"நான் சாகலைங்கய்யா. வீட்டுக்கு வரணும். ரா. முருகம்மாள்."