எச்சில் கொடுத்த ஊர்

மார்ச் 3, கோபன்ஹேகன்

எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்ததே நான்தான். நாட்குறிப்பு எழுதியவர் யாருமில்லை. ஆனால் பேராசிரியர் தோர்கிலைப் பற்றி எங்காவது சொல்லித் தீர்க்க வேண்டும்.

அவருடைய மரபணு ஆய்வுக்காகப் போன கோடையில் பரோயே தீவில் எங்கள் ஊருக்குப் போய், வீடு வீடாகக் குழாயில் எச்சில் வாங்கி வந்தேன். கொடுப்பவரின் தாத்தா பாட்டி நால்வரும் அந்த ஊரிலேயே பிறந்தவர்களாக இருக்க வேண்டுமாம். பக்கத்துத் தீவுக்காரர் ஒருவர் கலந்துவிட்டதால் என் அம்மா அறிவியலுக்கு ஆகமாட்டாள்.

எதிர்வீட்டு சுன்னிவா சிரித்தாள்: "எங்க எச்சில்ல என்னடி இருக்கு? காபியும் காஞ்ச ஆட்டுக்கறியும்தான். சரி, மார்யுன் கேக்குறா, துப்புங்க எல்லாரும்."

மார்ச் 9

விருந்தினர்களிடம் தோர்கில் வரைபடத்தில் எங்கள் ஊரைக் காட்டி, "இது என்னோட குளிர்பெட்டி. ஆயிரம் வருஷமா யாரும் கதவைத் திறக்கல" என்றார். சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். சீ.

மார்ச் 17

கட்டுரைக்கான படம் வந்தது. ஒரு குடும்பத்தின் வம்சாவளி. பெயர்களுக்குப் பதில் எழுத்துகள். ஐந்து பிள்ளைகள், மூத்தவர்கள் இரட்டையர். கடைசி மகனிடம் தந்தைவழி முறிகிறது என்று சிவப்புக் கோடு: அவனுக்கு மட்டும் அப்பா வேறு.

சுன்னிவாவின் வீடு. வேறு எந்த வீட்டில் இரட்டையர் இருக்கிறார்கள்?

"யாருன்னு தெரிஞ்சிடும்" என்றேன் தோர்கிலிடம்.

"பேரே இல்லையே, மார்யுன்."

பக்கத்து வீட்டுக்காரனின் பெயர்கூட அறியாத மனிதர். கொடியில் காயும் துணியைப் பார்த்தே வீட்டில் யார் யார் என்று சொல்லும் ஊரிடம் எழுத்தை வைத்து ஒளிக்கப் பார்க்கிறார். இதற்கு இரண்டு முனைவர் பட்டம்.

மார்ச் 18

படத்தை எடுத்துவிடச் சொல்லி மறுபடி கேட்டேன். "படம்தான் கட்டுரைக்கு உயிர். வேணாம்னா கட்டுரையிலேருந்து உன் பேரை எடுத்துடறேன்."

எடு.

மார்ச் 20

எச்சில் கொடுத்தவர் கேட்டால் திருப்பித் தந்து, ஆய்விலிருந்தும் நீக்கியே ஆக வேண்டும். அதை அவரால் தடுக்க முடியாது. சுன்னிவாகிட்ட சொல்லலாமா? என்னன்னு சொல்றது? அவ வீடு மட்டும் விலகினா, அதுவே விரல் நீட்டுன மாதிரி ஆயிடுமே — அப்ப எல்லாரும் விலகணும். எனக்கா கூட்டத்துல பேச வரும்?

மார்ச் 26, ஊர்

மேசையைக் காலி செய்துவிட்டு வந்துவிட்டேன். தோர்கில் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்தான் அதிசயம்.

இன்று ஆராதனை முடிந்து கூடத்தில் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். சுன்னிவா கேக் வெட்டினாள். அவளுடைய கடைசி மகன் தாடியைச் சொறிந்தபடி பெரிய துண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

அம்மா இடித்தாள்: "என்னடி, வலையில விழுந்த மீன் மாதிரி வாயைத் தொறந்து மூடுறே? சொல்லித் தொலை."

எழுந்து நின்றேன்.

"போன வருஷம் ஒண்ணு கேட்டேன், குடுத்தீங்க. இப்ப அதைத் திருப்பிக் கேட்டு பேராசிரியருக்கு எழுதிப் போடுங்க. ஒரு வீடு விடாம, எல்லாரும். ஏன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."